வாசகர் கேள்வி: கையால் நிறுவப்பட்ட பத்து இலக்கப் பகா எண்

கேள்வி: 2147483647 ஒரு பகா எண் என்று என் மாணவி ஒருத்தி வகுப்பில் சொன்னாள். கணினி இல்லாத காலத்தில் இதை எவ்வாறு நிறுவினார்கள்? இந்த எண்ணுக்கு வேறு சிறப்புகள் உண்டா?
– கணித ஆசிரியை ஒருவர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: மாணவி சொன்னது சரி. இரண்டின் 31ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் இந்த எண், பகா எண்தான் என்று லியோனார்டு ஆய்லர் நிறுவியதை 1772ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று காட்டுகிறது. அப்போது அவர் ஏறக்குறைய முழுவதுமாகப் பார்வையை இழந்திருந்தார் என்பதையும் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

நேர்வழியில் போனால், இதன் வர்க்கமூலத்தை ஒட்டிய 46,340 வரையுள்ள நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த உழைப்பைக் குறைத்தது இந்த எண்ணின் அமைப்பே. 'வ' என்னும் பகா எண் இதை மீதியின்றி வகுப்பதாகக் கொள்வோம். அப்போது இரண்டின் 31ஆம் அடுக்கை வ-ஆல் வகுத்தால் மீதி 1. 31 பகா எண்ணாதலால், அதற்குக் குறைந்த அடுக்கு எதற்கும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி இரண்டின் (வ–1)ஆம் அடுக்குக்கும் மீதி 1 ஆகையால், வ–1 என்பது 31இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். வ ஒற்றை எண் என்பதால் வ–1 என்பது 62இன் மடங்கும் ஆகிறது.

இதனினும் அழகானது அடுத்த படி. இரண்டின் 32ஆம் அடுக்குக்கு மீதி 2; அந்த அடுக்கோ 65,536இன் வர்க்கம். இவ்வாறு ஒரு வர்க்கத்துக்கு 2 மீதியாக வர வேண்டுமானால், வ-ஐ 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்க முடியும். இரு நிபந்தனைகளையும் இணைத்தால், 248ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி தரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். 46,340க்குள் அவை 370 சொச்சம். அவற்றுள்ளும் பகு எண்களைத் தள்ளிவிடலாம். எஞ்சியவற்றுள் ஒன்றுகூட இதை வகுக்கவில்லை.

மற்றச் சிறப்புகளுள் இரண்டைச் சொல்கிறேன். இதை இரண்டின் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் கிடைக்கும் 2305843008139952128, தன்னை நீக்கிய வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமானது. 4ஆல் வகுக்க மீதி 3 வருவதால், இந்தப் பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுதவே முடியாது.

வகுப்பில் செய்து காட்ட, இதே வகையைச் சேர்ந்த 8191 பொருத்தமானது. அது இரண்டின் 13ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது. வர்க்கமூலம் 90ஐச் சற்றே தாண்டும். 26இன் மடங்கில் ஒன்று கூடிய எண்கள் அதற்குள் 27, 53, 79 மட்டுமே. 8ஆல் வகுத்து மீதி பார்த்தால் முதல் இரண்டும் விலகிவிடுகின்றன. 8191ஐ 79ஆல் வகுத்தால் ஈவு 103, மீதி 54. ஆகவே, ஒரே ஒரு வகுத்தலில் 8191 பகா எண் என்பது உறுதியாகிவிடுகிறது.