வாசகர் கேள்வி – பதில்: அறக்கட்டளை நிதி எங்கே மாட்டிக்கொள்கிறது?

உள்ளூரில் பலர் சேர்ந்து முதல் போட்டு நடத்தும் பொது அறக்கட்டளைகள், சிறு தொண்டு அமைப்புகளுக்கு நிதி கொடுப்பதைப் பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனாலும் ஆடிட்டர் அலுவலகத்திலேயே '12ஏ' (அமைப்புக்கு வரிவிலக்கு தரும் பதிவு), '80ஜி' (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் ஒப்புதல்) என்றுதான் இன்னும் பேசுகிறார்கள் என்பதால், நாமும் பழைய பெயரிலேயே சொல்கிறோம்.

எங்கள் இளைஞர் மன்றம் பல வருடமாக இயங்குகிறது. ஊர்ப் பொதுக்குளத்தைத் தூர்வார வட்டார அறக்கட்டளையிடம் மூன்று லட்சம் கேட்டோம். 'மன்றம் பதிவாகவில்லை' என்று திருப்பிவிட்டார்கள். பதிவு செய்தால் கிடைத்துவிடுமா?
– வாசகர், மன்னார்குடி வட்டம்

பதிவு செய்தாலும் உடனே கிடைத்துவிடாது. பதிவு இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது.

சங்கமாகப் பதிவு செய்ய, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி (1975) குறைந்தது ஏழு பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். அதன் பிறகு பான் எண், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, 12ஏ பதிவு. முதலில் கிடைக்கும் 12ஏ தற்காலிகப் பதிவு, மூன்று ஆண்டுக்குச் செல்லும். ஒரே ஒரு குளத்துக்காக இத்தனையும் செய்வது வீண் அலைச்சல். அதற்குப் பதில் அறக்கட்டளையிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "பணத்தை எங்கள் கையில் தர வேண்டாம். வேலையை நீங்களே எடுத்துக்கொண்டு, பொக்லைன்காரருக்கும் டிப்பர்காரருக்கும் நேரே கொடுத்துவிடுங்கள். மேற்பார்வை எங்களுடையது." பில் அறக்கட்டளை பெயரில் இருக்கும். கணக்கு வழியில் அவர்களுக்கும் இது லாபம். காரணம் கீழே மயிலாடுதுறைக் கேள்வியில் வருகிறது.

குளம் யாருடையது என்று பார்த்தீர்களா? 'பொதுக்குளம்' என்று ஊரில் சொல்வது ஊராட்சியுடையதாக இருக்கலாம், ஊராட்சி ஒன்றியத்துடையதாக இருக்கலாம், நீர்வளத்துறையுடையதாகவோ கோயிலுடையதாகவோ இருக்கலாம். கோயில் குளம் என்றால் அறநிலையத்துறையிடம் போக வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைச் சொல்லி 'அ' பதிவேட்டில் பார்த்து, உரியவரிடம் எழுத்துபூர்வ அனுமதி வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள். வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி தனி. எடுத்த மண்ணை யாராவது விற்றுவிட்டால் கனிம வழக்கு வரும். அறக்கட்டளைகள் பயப்படுவது இதற்குத்தான். மண் எந்தெந்த வயலுக்குப் போகிறது என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுக் கொடுத்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்தது அளவு. 40 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், சராசரி 60 சென்டிமீட்டர் வண்டல் என்றால் 720 கன மீட்டர். மூன்று யூனிட் டிப்பர் ஒரு நடைக்கு ஏறத்தாழ எட்டரை கன மீட்டர் ஏற்றும். 720ஐ வகுத்து '85 நடை' என்று எழுதிவிடுகிறார்கள். வெட்டிய மண் பொலபொலத்துக் கால் பங்கு வரை கூடும். அப்போது 900 கன மீட்டர், 106 நடை. விடுபட்ட 21 நடைக்குக் காசில்லாமல் மண் கரையிலேயே கிடக்கும்; ஐப்பசி மழையில் கரைந்து திரும்பக் குளத்துக்கே வந்து சேரும்.

ஆழத்தைக் கூட்டிக் கேட்காதீர்கள். அடியில் இருக்கும் களியைப் பெயர்த்துவிட்டால் தண்ணீர் நிற்காது. கடலோரம் நெருங்க நெருங்க, ஆழமாகத் தோண்டினால் உப்புத்தான் ஊறும். அதைவிட, வாய்க்காலிலிருந்து குளத்துக்கு வரும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வரத்து இல்லாத குளத்தை எத்தனை ஆழம் வெட்டினாலும் பயனில்லை. குழாய்ச் செலவைத் தனித் தலைப்பாகப் போடுங்கள்.

காலமும் முக்கியம். சம்பா அறுவடை முடிந்து வண்டி இறங்கும்படி தரை காய்ந்த பிறகு, மேட்டூர் திறக்கும் ஜூன் 12க்கு முன் வேலை முடிய வேண்டும். ஆக, கையில் இருப்பது மாசி முதல் வைகாசித் தொடக்கம் வரை. சித்திரையில் விண்ணப்பம் கொடுத்தால், நிதி ஒப்புதலாகும் நாளில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். ஐப்பசியிலேயே கொடுத்துவிடுங்கள்.

முதல் தவணை வந்தது, வேலையும் முடித்தோம். இரண்டாம் தவணையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். நிதியை எப்படிச் செலவிட்டோம் என்று நாங்கள் கொடுத்த 'பயன்பாட்டுச் சான்றிதழ் சரியில்லை' என்கிறார்கள். ஒரு ரூபாய்கூட நாங்கள் தொடவில்லை.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

தொட்டதாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நேர்மையாகச் செலவு செய்த அமைப்புகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. மற்றவர்கள் காகிதத்தை அழகாக வைத்திருப்பார்கள்.

உங்கள் வவுச்சர் ஒன்றை எடுத்துப் பாருங்கள். 'குளம் வேலை – ரூ.18,000' என்று மட்டும் இருக்கிறதா? அதில் தேதி, வண்டி எண், மணி மீட்டர் தொடங்கியபோதும் நின்றபோதும் காட்டிய எண், ஓடிய மணி, மணிக்கு என்ன வாடகை, பணம் போன வங்கிப் பரிமாற்ற எண், ஓட்டுநர் கையெழுத்து, உங்கள் ஆள் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். மணி மீட்டரை இரண்டு வேளையும் செல்போனில் படம் எடுத்து வைத்தால் தகராறே வராது.

இன்னும் மூன்றைச் சரிபாருங்கள். ஒப்புதல் கடிதத் தேதிக்கு முந்தைய பில் செல்லாது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வரிக் கணக்கில் அது அறச்செலவாக ஏறாது; அறக்கட்டளை அதை ஒத்துக்கொள்ளவும் மாட்டாது. டிப்பர் வாடகையில் மிச்சமானதை எடுத்துத் திறப்பு விழாப் பந்தலுக்குக் கொடுத்திருந்தால், அதுதான் காரணம். தலைப்பு மாற்ற வேண்டுமென்றால் செலவு செய்யும் முன் ஒரு கடிதம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பந்தல் காசை உங்கள் சங்கக் கணக்கிலிருந்து திருப்பிப் போட்டு, வங்கிப் பட்டியலோடு சான்றிதழை மறுபடி கொடுங்கள்.

சம்பளத்துக்கும் வாடகைக்கும் எந்த அறக்கட்டளையும் தர மறுப்பது ஏன்?
– வாசகி, கும்பகோணம்

'அலுவலகச் செலவு' என்று ஒரே வரியில் மொத்தமாகக் கேட்பதால். மாலை வகுப்பு ஆசிரியர் இருவர், பத்து மாதம், வாரம் ஐந்து நாள் என்று எழுதினால் அது திட்டச் செலவு. கணக்கு எழுதுபவரின் சம்பளத்தில் இந்தத் திட்டத்துக்கான பங்கை மட்டும் காட்டுங்கள். அதற்கும் மறுக்கிற அறக்கட்டளை, கணக்கு தானாக எழுதப்படும் என்று நினைக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பள்ளிக்கூட நூலகத்துக்குப் பணம் அனுப்ப முன்வருகிறார்கள். வட்டார அறக்கட்டளை வழியாக வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

அனுப்புகிறவரின் பாஸ்போர்ட் நீலமா, சிவப்பா என்று முதலில் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், அங்கே நிரந்தரவாசியாக இருந்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலையும் ஒரு கடிதத்தையும் கோப்பில் வையுங்கள். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தந்தால், நம்மூர்த் திருவிழாவுக்கு வந்து கையில் ரூபாயாகக் கொடுத்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது.

அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இருந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவதற்குத் தடை. நூலகத்தை அறக்கட்டளையே தன் திட்டமாக நடத்தினால் மட்டும் செய்யலாம்.

நாங்கள் நிதி கொடுக்கும் தரப்பு. வருமானம் முழுவதையும் சிறு அமைப்புகளுக்கே பகிர்ந்து கொடுக்கிறோம். '100 ரூபாய் கொடுத்தால் 85 ரூபாய்தான் கணக்கு' என்று ஆடிட்டர் சொல்வது சரியா?
– அறங்காவலர் ஒருவர், மயிலாடுதுறை

சரிதான். 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றம் அது. ஆண்டு வருமானம் 20 லட்சம் என்றால் 85 சதவீதம், அதாவது 17 லட்சம், அறச்செலவாகக் காட்ட வேண்டும். அத்தனையையும் பதிவு பெற்ற பிற அறக்கட்டளைகளுக்கே கொடுத்தால், 20 லட்சம் முழுக்கக் கொடுத்தால்தான் 17 லட்சம் தேறும். பின்னாளுக்கென்று ஒதுக்க எதுவும் மிஞ்சாது. பிறருடைய மூலநிதிக்கென்று (முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் நிதிக்கு) கொடுப்பது அறச்செலவாகவே ஏறாது.

நீங்களே நேரடியாகச் செய்யும் வேலைக்கு இந்தக் கழிவு கிடையாது. எனவே பெரிய பொருள் செலவை (பொக்லைன், புத்தகம், தையல் இயந்திரம்) உங்கள் பெயரில் பில் வாங்கி நேரே கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது உங்கள் திட்டமாகப் பதிவாகி, மேற்பார்வைக் குறிப்பும் இருக்க வேண்டும். வேலை செய்யும் ஆட்களுக்கான சிறு தொகையை மட்டும் மானியமாகக் கொடுத்தால் போதும்.

எங்கள் மூலநிதி 25 லட்சம். வங்கியில் போட்டால் வட்டி குறைவு. ஊரிலேயே நம்பிக்கையானவர்களுக்கு இரண்டு வட்டிக்கு விடலாமா?
– வாசகர், திருவாரூர்

கூடாது. ஊர்ப் பொதுப் பணத்தை வட்டிக்கு விடுவது நம் பக்கத்தில் பழக்கம்தான். ஆனால் வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளையின் பணம் சட்டம் அனுமதித்த இடங்களில்தான் இருக்க வேண்டும்: வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, அரசுப் பத்திரம் போன்றவை. மீறினால் விலக்கு போய் 30 சதவீத வரி வரும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு விட்டு, நாளுக்கு உழக்கு நெய் வாங்கினார்கள். ஆட்டைத் தொடாமல் நெய்யை மட்டும் எடுக்கும் அதே கணக்குத்தான் இதுவும். ஏழு சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஒன்றே முக்கால் லட்சம். அதில் கால் லட்சத்தை நிறுத்திக்கொண்டு ஒன்றரை லட்சத்தை நீங்களே நேரடியாகச் செய்யும் வேலைக்குச் செலவிடுங்கள். 25 லட்சமும் மூலநிதிக்கு வந்ததுதான் என்பதற்கு, நன்கொடையாளர்கள் ஒவ்வொருவரும் எழுதித் தந்த கடிதம் கோப்பில் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள்.