அம்மாவின் கட்டியில் ஒரு லிப்பிட்: நெய்யை நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. கட்டியைச் சோதித்ததில் ‘பிஐகே3சிஏ’ என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. அல்பெலிசிப் மாத்திரையும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசியும் தரப்போகிறார்கள். அந்த மரபணு ஒருவகை லிப்பிடை, அதாவது கொழுப்பை, அதிகமாக்கும் என்று படித்தேன். நெய், தேங்காய், கறி எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா? சர்க்கரை நோயே இல்லாதவருக்கு எதற்கு வாராவாரம் சர்க்கரை டெஸ்ட்?

பதில்: அந்த லிப்பிடுக்காக நெய்யை நிறுத்த வேண்டியதில்லை. ‘கொழுப்பு’ என்ற சொல்லுக்கே நம் ஊரில் நல்ல பெயர் கிடையாது. திமிர் பிடித்தவனைக்கூடக் கொழுப்பெடுத்தவன் என்றுதான் திட்டுகிறோம். நீங்கள் படித்த லிப்பிட் வேறு. சாப்பாட்டில் வருவதும் இல்லை, கொலஸ்ட்ரால் டெஸ்ட்டில் தெரிவதும் இல்லை.

ஒவ்வொரு செல்லின் சவ்வும் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. அவற்றில் மிகச் சிறு பங்கு பிஐபி2 என்ற லிப்பிட். பிஐ3 கைனேஸ் என்ற நொதி இதன் தலையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒரே ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிட்டால் அது பிஐபி3 ஆகிவிடும். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் செல்லுக்குள் சும்மா திரிந்துகொண்டிருக்கும் ஏகேடி என்ற புரதம் இதைக் கண்டதும் சவ்வில் வந்து ஒட்டிக்கொண்டு விழித்துக்கொள்கிறது. வளர், பிரி, சாகாதே என்ற கட்டளைகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. வேலை முடிந்ததும் பிடென் என்ற இன்னொரு நொதி அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும்.

இந்தப் பாஸ்பேட் ஒட்டும் வேலையை அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் கேன்ட்லியின் குழு 1988-இல் விளக்கியது. பிடென் மரபணு 1997-இல் பிடிபட்டது. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள மரபணு பல புற்றுநோய்களில் மாறியிருப்பது 2004-இல் தெரியவந்தது. பிஐ3 கைனேஸின் முக்கியப் பகுதியை உருவாக்குவது அந்த மரபணுதான்; அது மாறினால் நொதி யார் சொல்லுக்கும் காத்திராமல் பிஐபி3-ஐத் தயாரித்துக்கொண்டே இருக்கும். ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்2 என்ற புரதம் மிகுந்திராத மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 40 சதவீதத்தில் இந்த மாற்றம் உண்டு. அல்பெலிசிப் இந்த நொதியைத்தான் தடுக்கிறது. இம்மாற்றம் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில், ஃபுல்வெஸ்ட்ரன்ட் மட்டும் பெற்றவர்களுக்கு நோய் சராசரியாக 5.7 மாதம் கட்டுக்குள் இருந்தது. மாத்திரையும் சேர்ந்தபோது 11 மாதம்.

இனி சர்க்கரை. இன்சுலின் சொல்வதைச் செல் கேட்பதும் இதே பிஐபி3 வழியாகத்தான். மாத்திரை கட்டியில் மட்டும் வேலை செய்வதில்லை. தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குக் காது கொடுக்காமல் போக, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அதே ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படி ஏறியது, பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே. இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது: சர்க்கரையைக் குறைக்க உடல் இன்னும் இன்சுலினைச் சுரக்க, அந்த இன்சுலினே கட்டிக்குள் பூட்டிய நொதியை மறுபடி தட்டி எழுப்பப் பார்க்கும். அதனால்தான் மருத்துவர்கள் முதலில் மெட்ஃபார்மின் போன்ற, இன்சுலினைக் கூட்டாத சர்க்கரை மாத்திரைகளைத் தருகிறார்கள். அதற்காக, சர்க்கரை அபாயமாக ஏறி இன்சுலின் போடச் சொன்னால் மறுக்காதீர்கள்.

ஆகவே நெய்க்கரண்டியைவிட நீங்கள் பார்க்க வேண்டியது சோற்றின் அளவை. இட்லி, பழச்சாறு, இனிப்புக் காபியும் அப்படியே. மாவுச்சத்தை அறவே விலக்கும் கீட்டோ உணவு, எலிகளில் இவ்வகை மருந்துகளின் பலனைக் கூட்டியதாக 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. அதே ஆய்வில், மருந்தில்லாமல் அந்த உணவை மட்டும் தந்தபோது ரத்தப் புற்றுநோய் இருந்த எலிகளுக்கு நோய் வேகமெடுத்தது. எடை குறையக்கூடிய நோயாளியிடம் இதையெல்லாம் வீட்டிலேயே முயன்று பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. உணவு நிபுணரைக் கேட்டு அளவைக் குறையுங்கள்; பருப்பும் முட்டையும் காயும் கூடட்டும்.

மாத்திரை தொடங்குமுன் வெறும்வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் பார்த்துவிட வேண்டும். முதல் இரண்டு வாரம் வாரம் ஒருமுறையாவது, பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறையாவது சோதனை. வீட்டில் ஒரு குளுக்கோமீட்டர் இருந்தால் நல்லது. மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில், சாப்பாட்டோடு தர வேண்டும். தாங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, குழப்பம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வயிற்றுப்போக்கும் தோலில் தடிப்பும் வரலாம். தடிப்பைத் தவிர்க்க முன்கூட்டியே மாத்திரை தரலாமா என்று கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: கட்டியில் கண்ட இந்த மாற்றம் பொதுவாகப் பரம்பரையாக வருவதல்ல, அந்தக் கட்டிக்குள்ளேயே உண்டானது. இதற்காக நீங்களோ உடன்பிறந்தவர்களோ சோதனைக்கு ஓட வேண்டாம். பாட்டி, சித்தி என்று வேறு யாருக்காவது மார்பகத்திலோ சூலகத்திலோ புற்றுநோய் இருந்திருந்தால் அது தனிக் கணக்கு. அதை மட்டும் அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.