புனலூர் கடையில் பெட்டி திறந்த பி650 போர்டு: வாங்கலாமா?

புனலூர் கடையில பெட்டி பிரிச்ச பி650 மதர்போர்டு (கம்ப்யூட்டரோட தாய்ப்பலகை) வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. புதுசு 12,500, பெட்டி பிரிச்சது 9,200, அதுல போடப்போற ப்ராசஸர் ஏஎம்டி-யோட ரைசன் 5 9600எக்ஸ்னு சொல்லியிருக்கீங்க. 3,300 ரூபாய் மிச்சம் நல்ல தள்ளுபடிதான், ஆனா ப்ராசஸர் உட்கார்ற சாக்கெட்டைப் பார்க்காம காசு கொடுக்காதீங்க.

இந்த போர்டுல இருக்குற ஏஎம்5 வகை சாக்கெட்ல, பின் (ஊசி மாதிரி மெல்லிய கம்பி) ப்ராசஸர்ல இல்ல, போர்டுல இருக்கு, மொத்தம் 1718. கடையிலேயே சாக்கெட் மூடியைத் திறந்து, செல்போன் டார்ச்சைச் சாய்வா அடிங்க. வரிசையா மினுங்கணும். எங்கயாவது ஒரு புள்ளி மங்கலாவோ திசை மாறியோ மின்னினா அந்தப் பின் வளைஞ்சிருக்கு. அப்படிப்பட்ட போர்டு சிலசமயம் ஆன் ஆகும், ஆனா ஒரு பக்க ரேம் மட்டும் காட்டாது. வளைஞ்ச பின்னுக்கு வாரண்டி பொதுவா கிடைக்காது, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அடுத்து பயாஸ், அதாவது கம்ப்யூட்டரை ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுற, போர்டுலயே இருக்குற மென்பொருள். உங்க ப்ராசஸர் சேர்ந்த ரைசன் 9000 வரிசை வந்தது 2024-ல. பழைய பயாஸோட கிடந்த பி650 அதை ஏத்துக்காது. போர்டோட பின்பக்கம் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தா பென்டிரைவ் வச்சு ப்ராசஸர் இல்லாமலே புது பயாஸை ஏத்தலாம். இல்லைன்னா கடைக்காரரையே ஏத்தித் தரச் சொல்லுங்க.

எம்.2 திருகு (சின்ன எஸ்எஸ்டி-யை போர்டுல இறுக்குறது), வைஃபை இருக்குற போர்டுன்னா அதோட ஆன்டெனா எல்லாம் இருக்கான்னும் எண்ணிக்கோங்க. சின்ன சாமான்தான், ஆனா இல்லைன்னா தேடி அலையணும்.

பில்லுல சீரியல் நம்பர், வாரண்டி தொடங்குற தேதி, எத்தனை நாள்ல மாத்தித் தருவாங்கன்னு எழுதி வாங்குங்க. வாய்ப்பேச்சை நம்பி செங்கோட்டையில இருந்து புனலூருக்கு ஆரியங்காவு மலைப்பாதையில ஏறி இறங்கிட்டே இருக்க முடியாது. போர்டுல இருக்குற எல்லா ஸ்லாட்லயும் ரேம் மாத்திப் போட்டுப் பார்க்குறதை முதல் நாளே முடிச்சிடுங்க.

இதே மாதிரி பெட்டி பிரிச்ச பவர் சப்ளையைத் தள்ளுபடியில கொடுத்தா வேண்டாம். அதுல வேற பவர் சப்ளையோட கேபிள் மாறி வந்திருந்தா போர்டே போயிடலாம்.