வீட்டில் ஜப்பானிய மயோனைஸ் செய்ய முடியுமா? பச்சை முட்டை சேர்ப்பது பாதுகாப்பானதா?

செய்ய முடியும், ஆனால் பச்சை மஞ்சள் கருவை அப்படியே சேர்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சால்மொனெல்லா கிருமியின் அச்சத்தால் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸின் விற்பனையைத் தடை செய்தது. பெங்களூரு அல்சூரில் வசிக்கும் எனக்கு அந்தத் தடை பொருந்தவில்லை என்றாலும், அதன் காரணம் என் வீட்டு முட்டைக்கும் பொருந்தும் அல்லவா?

நகாஷிமா தொய்ச்சிரோ என்பவர் 1925ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகப்படுத்திய கியூப்பி மயோனைஸ்தான் அந்தச் சுவைக்கு அடையாளம். முழு முட்டைக்குப் பதிலாக மஞ்சள் கருவை மட்டும் சேர்ப்பதால் அது கெட்டியாகவும் அடர்ந்த நிறத்துடனும் இருக்கிறது. கூடவே புளிப்புக் குறைந்த வினிகரும், நாம் அஜினமோட்டோ என்று அழைக்கும் உப்பும் சேர்கின்றன. நம் கடைகளில் கிடைக்கும் முட்டையில்லா மயோனைஸில் இந்தச் சுவையை எதிர்பார்க்க இயலாது.

இரண்டு மஞ்சள் கருக்களுடன் இரண்டு மேசைக்கரண்டி அரிசி வினிகர், அதே அளவு தண்ணீர், அரைத் தேக்கரண்டி சர்க்கரை ஆகியவற்றைக் கலந்து, மெல்லக் கொதிக்கும் நீரின் மேல் கிண்ணத்தை வைத்து, கை ஓயாமல் கிளற வேண்டும். கலவை 71 டிகிரி செல்சியஸை எட்டியதும் உடனே இறக்கிக் குளிர்ந்த நீரில் வைத்துவிடுங்கள். தாமதித்தால் முட்டைப் பொரியலாகிவிடும். கண்ணளவை நம்பாமல் சமையல் வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. அரிசி வினிகர் கிடைக்காவிட்டால் ஆப்பிள் வினிகர் போதும். வெள்ளை வினிகரின் நெடி மற்றச் சுவைகளை அமுக்கிவிடும்.

ஆறியபின் அரைத் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி அஜினமோட்டோ, சிட்டிகை கடுகுத்தூள் சேர்த்து, 250 மில்லி மணமற்ற ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெயை முதலில் சொட்டுச் சொட்டாகவும், கலவை கெட்டிப்படத் தொடங்கியபின் நூல்போலவும் ஊற்றி அடிக்க வேண்டும். மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் எண்ணெயின் நுண்துளிகளைச் சூழ்ந்து நின்று அவை ஒன்றோடொன்று சேராமல் தடுக்கிறது. எண்ணெய் மொத்தமாக விழுந்தால் அதற்கு அந்த அவகாசம் இருக்காது. முதல் முறை அவசரப்பட்டு ஊற்றியதில் எனக்கு எண்ணெய் தனியே பிரிந்துவிட்டது. வேறொரு கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி வெந்நீர் எடுத்து, பிரிந்த கலவையை அதில் சிறிது சிறிதாகச் சேர்த்து அடித்ததும் மீண்டும் கூடிவந்தது. செக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நமக்கு எவ்வளவு பிடித்தமானவையானாலும், அவற்றின் வாசனை இதற்கு ஒவ்வாது.

செய்த உடனே ருசி பார்த்தால் வினிகர் சற்றுத் தூக்கலாகத் தெரியும். ஓர் இரவு குளிர்பெட்டியில் இருந்தால் சுவை ஒன்றுகூடும். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். தேவையான அளவை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, புட்டியை உடனே உள்ளே வைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.