கட்டிலுக்கு அடியில போன நாய் எப்பங்க வெளிய வரும்?

கேட்டிருக்கறது இதுதான்: அழகாபுரத்துல அபார்ட்மெண்ட், ரெண்டு வயசு நாட்டு நாயத் தத்தெடுத்து அஞ்சு நாள் ஆச்சு, கட்டிலுக்கு அடியிலயே கெடக்குது, ராத்திரில மட்டும் கொஞ்சம் சாப்பிடுது, மணிக்கொரு தடவ டார்ச் அடிச்சுப் பாத்து பிஸ்கட் காட்டிக் கூப்பிட்டும் வரல, நாங்க ஏதாவது தப்பு பண்றோமா?

தப்பு ஒண்ணும் பண்ணலீங்க, ஆனா ரொம்பப் பண்றீங்க. நானும் இதேதான் பண்ணேன், அதனாலதான் உரிமையா சொல்றேன்.

எங்க வீடு சேலம் அம்மாபேட்டை. அப்பா வெண்பட்டு வேட்டி நெஞ்சவரு, அவரு போனதுக்கப்பறம் தறி ஓடல, ஆனா குழித்தறி அப்படியே முன் ரூம்ல இருக்குது, கழட்டறதுக்கு அம்மா விடல. அம்மா மட்டும் பக்கத்து வீட்டுத் தறிக்கு ராட்டையில தார் சுத்திக் குடுப்பாங்க, தார்னா தறி நாடாவுக்குள்ள வைக்கற குச்சியில சுத்துன நூல். நாய் எடுக்கலாம்னு சொன்னப்ப அம்மா கேட்ட ஒரே கேள்வி, "நாய் முடி நூல்ல ஒட்டுனா யாருடா பதில் சொல்றது?" நியாயமான கேள்விதான், வெள்ளைப் பட்டுல ஒரு கருப்பு முடி போனாலும் வேட்டி திரும்பி வந்துரும். நான் கொண்டு வந்தது கன்னங்கரேல்னு ஒரு நாய்.

ஏற்காட்டுல எங்க மாமா ஒரு காபி எஸ்டேட்ல சூப்பர்வைசர். அங்க லயன் வீட்ல, அதாவது எஸ்டேட் தொழிலாளிங்களோட வரிசை வீட்ல, இருந்த ஒரு குடும்பம் ஊர் மாறிப் போயிட்டாங்க, நாய விட்டுட்டுப் போயிட்டாங்க, அது அந்தப் பூட்டுன வீட்டு வாசல்லயே பத்து நாளா உக்காந்திருந்துருக்குது. அந்த சமயம் சிறுத்தைப் பேச்சு வேற அடிபட்டுட்டு இருந்துச்சு. "மாப்ள, ராத்திரி அது வாசல்ல படுத்துக் கெடக்கறதப் பாத்தா எனக்குத் தூக்கம் வரல, நீ எடுத்துக்கறியா"ன்னு போன் பண்ணாரு. ஆனி மாசம் ஒரு ஞாயித்துக்கெழம போய் கூட்டிட்டு வந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுல ஏழு தடவ வாந்தி எடுத்துச்சு, அதுல ரெண்டு என் மடியில. கறுப்பா இருக்கறதாலயும் மெளகுக் கொடி ஏறுன தோட்டத்துல இருந்து வந்ததாலயும் பையன் மிளகுன்னு பேரு வெச்சான்.

வீட்டுக்குள்ள விட்டதும் நேரா ஓடிப்போய் தறிக்குழிக்குள்ள எறங்குச்சு. நெசவு பண்றவங்க கால வெச்சு மிதி மிதிக்கிற குழி இருக்குதில்ல, அதுக்குள்ள. எறங்குனது எறங்குனதுதான், ஆறு நாள் வெளிய வரல. பயம்னுதான் நெனச்சோம், பயமும்தான், ஆனா இன்னொண்ணு எனக்கு அப்பறம்தான் ஒறச்சுது, மலையில குளுருல வளந்த நாய சேலத்து வெக்கைக்குக் கொண்டு வந்திருக்கறோம், எங்க வீட்லயே ரொம்பச் சில்லுனு இருக்கற எடம் அந்த மண் குழிதான். அது அதுக்கு வேணுங்கறத கரெக்டா கண்டுபிடிச்சுருச்சு, நாங்கதான் அதை வெளிய இழுக்கறதுலயே குறியா இருந்தோம். உங்க நாயும் கட்டிலுக்கு அடியில போனதுக்கு பயத்தோட தரை குளுமையும் ஒரு காரணமா இருக்கலாம், டைல்ஸ்ல கைய வெச்சுப் பாருங்க.

அந்த ஆறு நாள்ல நான் பண்ண கோமாளித்தனத்த சொல்லிடறேன். குழிக்குள்ள எட்டி எட்டிப் பாத்தேன். போட்டோ எடுத்து வாட்ஸாப்ல போட்டேன். போட்டோவப் பாத்துட்டு சித்தி, சித்தப்பா, எதுத்த வீட்டுக்காரங்கன்னு வரிசையா வந்து குழியச் சுத்தி நின்னு, "அடடா என்னா அமைதியான நாய்"ன்னாங்க. நானும் பெருமையா, ஆமாங்க குரைக்கவே இல்லன்னு சொன்னேன். அது அமைதி இல்லீங்க. ஒடம்ப இறுக்கிட்டு, வால உள்ள மடக்கிட்டு, கண்ணோட வெள்ளை தெரியற மாதிரி ஓரமாப் பாத்துட்டு, சும்மா சும்மா உதட்ட நக்கிட்டு இருந்துச்சு. அதெல்லாம் பயந்த நாயோட பேச்சு, எனக்குப் படிக்கத் தெரியல.

ரெண்டாம் நாள் பையன் பாசமா குழிக்குள்ள கைய விட்டுட்டான். கவ்விருச்சு. பல்லு லேசாத்தான் பட்டுச்சு, ஆனா ரத்தம் வந்துச்சு. குழாய தொறந்துவிட்டு சோப்புப் போட்டு கடியாரத்தப் பாத்து பதினஞ்சு நிமிஷம் கழுவுனோம், நேரா ஜி.ஹெச்சுக்குப் போனோம், அன்னிக்கு ஒண்ணு, அப்பறம் 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள்னு தோல்ல போடற ஊசி. இத எதுக்கு சொல்றேன்னா, நம்ம வீட்டு நாய்தானே, சின்னக் கீறல்தானேன்னு மஞ்சளக் கொழச்சுத் தடவிட்டு விட்டுறாதீங்க, நாய்க்கு ஊசி போட்ட ரெக்கார்டு கையில இல்லாதப்ப மனுஷனுக்குப் போட்டே ஆகணும், ரேபிஸ் வந்தா திரும்பறது இல்ல. அன்னிக்கு அம்மா சொன்னது, "நாளைக்கே மலைக்கு ஏத்தி விட்டுட்டு வா". வீட்டுக்காரி பேசவே இல்ல, அது இன்னும் பயமா இருந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த நாய் முதல்ல யார்கிட்ட போச்சு தெரியுங்களா? அம்மாகிட்ட. எங்க எல்லாரயும் விட அத வெறுத்தவங்க அவங்கதான். காலைல பத்து மணிக்கு ராட்டை முன்னாடி உக்காந்தா ஒரு மணி வரைக்கும் அசைய மாட்டாங்க, தார் சுத்திட்டே இருப்பாங்க, குழிக்கு முதுகு காட்டித்தான் உக்காருவாங்க, நாய் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. ஏழாம் நாள் நான் லீவு, அந்தப்பக்கம் இருந்து பாத்துட்டு இருக்கேன், மெதுவா தல வந்துச்சு, அப்பறம் முன்னங்கால் ரெண்டும், அப்படியே தரையோட தரையா ஊர்ந்து வந்து அம்மாவோட பொடவைத் தலைப்ப மோந்து பாத்துட்டு திரும்ப உள்ள ஓடிருச்சு. அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. மறுநாள் ரெண்டு நிமிஷம் நின்னுச்சு. அதுக்கு மறுநாள் அவங்க முதுகுக்குப் பின்னாடி ஒரு முழம் தள்ளிப் படுத்துருச்சு. அம்மா திரும்பிப் பாத்துட்டு, "இந்தச் சனியன் எப்ப வந்துச்சு"ன்னு கேட்டுட்டு திரும்ப தார் சுத்த ஆரம்பிச்சுட்டாங்க. அவ்ளோதான். பயந்த நாய நேருக்கு நேரா பாக்கறது, மேல இருந்து குனியறது, கைய நீட்டறது இதெல்லாம் அதுக்கு மெரட்டற மாதிரி. கண்டுக்காம ஒரே எடத்துல உக்காந்து தன் வேலையப் பாக்கற ஆளுதான் அதுக்கு ஆபத்தில்லாத ஆளு. பிஸ்கட் காட்டி என்கிட்ட வா வான்னு நான் கெஞ்சுன ஆறு நாளும் வேஸ்ட்.

சாப்பாடு பத்தி. ராத்திரி யாரும் இல்லாதப்ப சாப்பிடுதுன்னா கவலப்படாதீங்க, அது நல்ல சேதி. மொத வாரம் புதுசா எதுவும் ட்ரை பண்ணாதீங்க, முன்னாடி இருந்த எடத்துல என்ன தின்னுச்சுன்னு கேட்டு அதையே போடுங்க. மிளகு அங்க சோறும் கருவாடும் தின்னு பழகுன நாய், நான் என்னடான்னா நானூறு ரூபாய்க்கு டாக் ஃபுட் வாங்கி வெச்சுட்டுக் காத்திருந்தேன். அம்மா இல்லாத நேரம் பால் ஊத்துனேன், ஒரே பேதி, பெரிய நாய்ங்க நெறைய பேத்துக்கு பால் சேராதாம். அப்பறம் சேலத்துக்காரங்களுக்குன்னு ஒண்ணு, சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கிட்டு வந்து திங்கும்போது ஒண்ணு தூக்கிப் போடற பழக்கம் இருந்தா விட்டுருங்க, அதுல வெங்காயமும் பூண்டுச் சட்னியும் இருக்குது, ரெண்டும் நாயோட ரத்தச் செவப்பணுக்கள ஒடைக்கிற பொருள். திராட்சை, சாக்லேட், வேகவெச்ச எலும்பு இதுகளும் வேண்டாம்.

ஒண்ணுக்குப் போறது பெரிய பிரச்சனையா இருந்துச்சு, இத யாரும் முன்னாடியே சொல்லல. மண்ணுலயும் புல்லுலயும் போய்ப் பழகுன நாய், சிமெண்ட் தரையில போகவே மாட்டேங்குது, அடக்கி அடக்கி ஒரு தடவ பதினஞ்சு மணி நேரம் ஆயிருச்சு. கடைசில சாந்துச் சட்டியில மண்ணு ரொப்பி கொல்லைல வெச்சேன், அது முன்னாடி போயிருந்த எடத்து மண்ணு ஒரு கை எடுத்து அதுமேல தூவுனேன், அன்னிக்கு ராத்திரியே போயிருச்சு. அபார்ட்மெண்ட்னு சொல்றீங்க, பால்கனில ஒரு பெரிய ட்ரேல மண்ணு வெச்சுப் பாருங்க. உள்ள போயிட்டாலும் திட்டாதீங்க, துடைச்சுட்டு வினிகர் கலந்த தண்ணி விட்டுருங்க, பினாயில் வாசம் மட்டும் வந்தா திரும்ப அங்கயேதான் போகும் (எங்க அனுபவம்).

மூணாவது வாரம் கேஸ்காரர் சிலிண்டர உருட்டிட்டு வந்தாரு, மிளகு மொத தடவ குரைச்சுது. எனக்கு அவ்ளோ சந்தோஷம். அதே வாரம் என் செருப்பு ஒண்ணு போச்சு, நாலு தார்க்குச்சி போச்சு. மொத வாரத்து நாய் வேற, மூணாம் வாரத்து நாய் வேறங்க. பாத்தீங்களா வந்தப்ப எவ்ளோ நல்ல நாயா இருந்துச்சு, இப்பக் கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் குடுக்கறவங்க இருக்காங்க, கெட்டுப்போகல, இப்பதான் அது அதுவா இருக்குது. மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, மொத மூணு நாள் மெரட்சி தெளியறதுக்கு, மூணு வாரம் வீட்டு டைம்டேபிள் புரியறதுக்கு, மூணு மாசம் இது நம்ம வீடுன்னு நம்பறதுக்கு. குத்துமதிப்பான கணக்குதான், அஞ்சாம் நாள்ல இருக்கற நீங்க அவசரப்படாம இருக்கறதுக்கு உதவும்.

நான் பண்ண பெரிய முட்டாள்தனம் மாசத்தப் பாக்காம எடுத்தது. ஆனில கூட்டிட்டு வந்தா அடுத்தது ஆடிங்க. சேலத்துல ஆடின்னா சொல்லணுமா, கோட்டை மாரியம்மன்ல ஆரம்பிச்சு தெருவுக்குத் தெரு பண்டிகை, மேளம், மைக்கு, வெடி. வண்டி வேடிக்கை, அதான் சாமி வேஷம் போட்டு அலங்கார வண்டிகள்ல வர்ற ஊர்வலம், அதப் பாக்கறதுக்கு சொந்தக்காரங்க வந்திருந்தாங்க, யாரோ கேட்ட சாத்தாம விட்டுட்டாங்க, ஒரு சரவெடி வெடிச்சுது, மிளகு போயிருச்சு. கூட்டத்துல எங்கன்னு தேடறது, பைக்க எடுத்துட்டு பட்டைக்கோவில் வரைக்கும் போயி ராத்திரி ஒரு மணி வரைக்கும் சுத்துனேன். மாமாவுக்குப் போன் பண்ணா, "பேர் சொல்லிக் கத்திட்டு தொரத்தாத மாப்ள, இன்னும் தூரமா ஓடும், வீட்டுக்குப் போ, கொல்லக் கதவத் தொறந்து வெச்சுட்டு லைட்ட அணச்சுரு"ன்னாரு. வீட்டுக்கு வந்தா இருட்டுல ராட்டைச் சத்தம் கேக்குது. தூக்கம் வரலையாம், அம்மா தார் சுத்திட்டு இருக்காங்க. நாலு மணி போல பாக்கறேன், குழிக்குள்ள ரெண்டு கண்ணு மின்னுது. ராட்டைச் சத்தம் கேட்டு வந்துச்சான்னு எனக்குத் தெரியாது, அம்மாகிட்ட கேட்டா, "நாளைக்குத் தார் குடுக்கணும்ல"ன்னாங்க. இப்ப அதோட கழுத்துப் பட்டைல என் போன் நம்பர் இருக்குது, கேட்டுக்கு ரெண்டு கொக்கி.

இன்னொண்ணு, இது நான் இதுவரைக்கும் சொன்னதுக்கு நேர் எதிரா இருக்கும். ஆடி முடிஞ்சு ரெண்டு வாரத்துல மிளகு திரும்ப குழியில போய்ப் படுத்துருச்சு, சாப்பிடல. வெடிச் சத்தத்துல பழைய பயம் வந்துருச்சு, தொந்தரவு பண்ண வேண்டாம்னு ரெண்டு நாள் விட்டுட்டேன். தப்பு. உண்ணிக் காய்ச்சல். மலையில இருந்தே காதுக்குள்ள, விரலிடுக்குல உண்ணி இருந்திருக்குது, நான் மேலாகத்தான் பாத்திருக்கேன். டாக்டர்கிட்ட போனப்ப 104 டிகிரி, நாய்க்கு சாதாரணமாவே 101-ல இருந்து 102.5 வரைக்கும் இருக்கும், அதுக்கு மேலன்னா காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பாத்துட்டு டாக்சிசைக்ளின் 28 நாளைக்கு எழுதுனாரு, நாலாம் நாளே தெளிஞ்சுருச்சு, ஆனா 28 நாளும் விடாம குடுக்கணும்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. அதனால எது பயம் எது நோவுன்னு பிரிச்சுப் பாக்க கத்துக்கோங்க. பயந்த நாய் ஆள் இல்லாதப்ப சாப்பிடும், தண்ணி குடிக்கும். நோவு வந்த நாய் ராத்திரிலயும் தொடாது. ஈறு ரோஸ் கலர்ல இருக்கணும், வெளுத்திருந்தா அன்னிக்கே போகணும். வாந்தி, பேதி, ரத்தம் இருந்தா யோசிக்கவே வேண்டாம், அதுவே குட்டியா இருந்து ஒரு நாள் சாப்பிடலன்னாலும் ஓடுங்க, பார்வோங்கற வைரஸ் நோவா இருந்தா மணிக்கணக்குதான். நம்ம மாத்திர டப்பாவுல இருக்கற காய்ச்சல், வலி மாத்திரைய உடைச்சுக் குடுத்துறாதீங்க, நாய்க்கு அது விஷமாயிடும்.

ஊசி விஷயம் டாக்டரே சொல்லுவாரு, எங்களுக்கு ரேபிஸ் மொதல்லயே போட்டுட்டு வருஷா வருஷம் போடணும்னாரு, மத்ததுக்கு மூணு வாரம் கழிச்சு ஒரு பூஸ்டர். கருத்தடை மூணு மாசம் கழிச்சு வீட்ல நல்லாப் பழகுனப்பறம் பண்ணோம். உங்க நாயோட காதுல சின்னதா வெட்டு இருக்குதான்னு பாருங்க, இருந்தா ஏற்கெனவே கருத்தடை பண்ணி விட்ட நாய்னு அர்த்தம், உங்களுக்கு ஒரு வேலை மிச்சம். ஆனா பாக்கறதுக்காக இப்பப் போய் காதப் பிடிக்காதீங்க!

முடிப் பிரச்சன தீரல. அம்மா இப்ப தார் சுத்தற எடத்துக்கும் நாய் படுக்கற எடத்துக்கும் நடுவுல ஒரு பழைய போர்வைய திரையாக் கட்டியிருக்காங்க, மிளகு திரைக்கு அந்தப்பக்கம் மூக்க மட்டும் வெளிய நீட்டிட்டுப் படுத்துருக்கும். சனியன்ங்கற பேரு மாறல.

இன்னிக்கு நீங்க பண்ண வேண்டியது: கட்டில் விரிப்பு தரை வரைக்கும் தொங்கற மாதிரி எறக்கி விட்டுருங்க, அது ஒரு குகை மாதிரி ஆயிரும். தண்ணிக் கிண்ணத்த அதுக்கு எட்டற தூரத்துல வெச்சுட்டு எடம் மாத்தாதீங்க. தினம் ஒரே நேரத்துல வீட்ல ஒருத்தர் அந்த ரூம்ல கட்டிலுக்கு முதுகு காட்டி உக்காந்து ஏதாவது வேலை பாருங்க, கீரை ஆயறதோ லேப்டாப்போ எதுவோ. சொந்தக்காரங்கள ஒரு மாசத்துக்கு வர வேண்டாம்னு சொல்லுங்க, குளிப்பாட்டறது அப்பறம் பாத்துக்கலாம். மணிக்கொரு தடவ டார்ச் அடிச்சு குனிஞ்சு பாக்கறத மட்டும் இப்பவே நிறுத்திடுங்க.