பால் ஊற்றுகிறவனும் பார்க் பெஞ்சுக்காரர்களும்

கேள்வி: தியேட்டர் வாசலில் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றும் கூட்டத்தைப் பார்த்தால் அமெரிக்க எழுத்தாளர் எரிக் ஹாஃபர் சொன்னதுதான் ஞாபகம் வருகிறது. தன் மேல் மதிப்பில்லாதவன்தான் இன்னொருவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவான். தமிழனின் இயல்பே இதுதானா? ஒரு கண்டிப்பான ஆள் வந்து பத்து வருடம் ஆண்டால்தான் இந்த ஜனம் உருப்படும் என்று எங்கள் பார்க் வாக்கிங் நண்பர்கள் அத்தனை பேரும் சொல்கிறோம். உங்கள் கருத்து?
வாசகர் ஒருவர், அசோக் நகர்

பதில்: ஹாஃபரைப் படித்திருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டீர்கள்.

ஹாஃபர் பேராசிரியர் இல்லை. சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர், நூலகங்களில் தானாகப் படித்துத் தேறியவர். வெகுஜன இயக்கங்களைப் பற்றிய அவருடைய ‘தி ட்ரூ பிலீவர்’ புத்தகம் 1951-ல் வந்தது. ஹிட்லர் ஒழிந்திருந்தார், ஸ்டாலின் உயிரோடு இருந்தார். மனிதன் தன்னைத் தொலைத்துக்கொள்ள ஏன் ஒரு கூட்டத்தைத் தேடுகிறான் என்பதுதான் அவர் கேள்வி. மதமோ புரட்சியோ தேசியமோ, போய்ச் சேருகிற ஆள் ஒரே ரகம் என்றார். அந்த ஆளுக்கு இன்றைய வாழ்க்கை மொத்தமும் குப்பை. நாளை வரப்போகும் சொர்க்கத்துக்காகச் சாகவும் கொல்லவும் தயார்.

சரி, இப்போது தியேட்டர் வாசலுக்கு வாருங்கள். காலை 9 மணிக் காட்சி. சாரத்தில் ஏறிய பையன் நீல ஆவின் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு ஊற்றுகிறான். பாதி ஹீரோவின் தோளில், மீதி கீழே விசிலடிப்பவன் தலையில். படம் விட்டதும் டெலிவரி டீ-சர்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். உங்கள் வீட்டு மதிய பிரியாணியைக் கொண்டுவந்தவனே அவனாக இருக்கலாம். அவனுக்கு இன்றைய நாள் மேல் என்ன வெறுப்பு? வெள்ளிக்கிழமை காலையை அவனைவிட அனுபவித்தவன் உண்டா?

ஆபத்தில்லாத கூத்து என்று சொல்லவில்லை. 2023 ஜனவரியில் கோயம்பேட்டில் லாரி மேல் ஏறி ஆடிய இளைஞர் விழுந்து இறந்தார். கண்டியுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அசட்டுத்தனம் வேறு, ஹாஃபர் எழுதிய வெறி வேறு. (ரசிகர் மன்றம் கட்சியாகும்போது விவகாரம் மாறும். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கிய 1972-ஐப் பார்த்த ஊருக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.)

கூட்டத்துக்கு யார் போகிறான் என்பதிலும் ஹாஃபர் நம் ஊகத்துக்கு நேர் எதிர். அன்றாடங்காய்ச்சிக்கு அடுத்த வேளைச் சோறே லட்சியம், வேறு லட்சியத்துக்கு அவனுக்கு ஏது நேரம் என்கிறார். சொந்தபந்தம் கெட்டியாக உள்ளவனும் லேசில் போகமாட்டான். இருந்ததை இழந்தவன், வேரோடு பிடுங்கப்பட்டவன், செய்ய ஒன்றுமில்லாமல் சலித்துப்போனவன், இவர்கள்தான் போவார்கள். சென்னையில் இதை யோசிக்க வேண்டிய இடம் தியேட்டர் வாசல் இல்லை. கூவம், அடையாறு கரைகளில் தலைமுறையாக இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினோம். அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. அவசரத்துக்கு இருநூறு ரூபாய் கைமாற்று கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா எந்த பிளாக்கில் இருக்கிறார் என்று தெரியாது. வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது, அதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே வளரும் பையனின் விலாசத்தைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள். ஒரு மன்றம் அவன் படத்தை ஃப்ளெக்ஸில் போட்டு, பெயருக்குக் கீழே ‘துணைச் செயலாளர்’ என்று அச்சடிக்கிறது. இந்த ஊரில் வேறு யார் அவன் பெயரை அச்சடித்தார்கள்?

அப்புறம் இந்தத் ‘தமிழனின் இயல்பு’. ஹாஃபர் உதாரணம் காட்டியது ஜெர்மானியர், ரஷ்யர், பிரெஞ்சுக்காரர், ஆதி கிறிஸ்தவர் என்று பல பேரை. குறிப்பிட்ட ஓர் இனத்தின் ஜாதகத்தை அவர் எழுதவில்லை. அவரும் ஒன்றும் முற்றும் துறந்தவரல்ல. 1960-களில் போராடிய மாணவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வியட்நாம் போரிலோ அதிபர் ஜான்சன் பக்கம் அசையாமல் நின்றார். மற்றவர்களின் பக்தியை அவ்வளவு துல்லியமாக அளந்தவருக்கும் சொந்தமாக ஒன்று இருந்தது.

கடைசியாக உங்கள் கடிதத்தின் கடைசி வரி. இன்று இருப்பது எதுவும் தேறாது, ஜனங்கள் உதவாக்கரைகள், ஒரே ஒருவர் வருவார், பத்து வருடத்தில் எல்லாம் சரியாகும். ஹாஃபர் வரைந்த ஆளின் சாமுத்ரிகா லட்சணம் அத்தனையும் இதில் இருக்கிறது. இப்படிப்பட்ட இயக்கங்களுக்குப் பாதை போடுகிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அந்த அத்தியாயம் வரை படித்தீர்களா?

பார்க்கில் அத்தனை பேரும் அதையே சொல்கிறோம் என்கிறீர்கள். அந்தக் கண்டிப்பான ஆள் முதலில் உங்கள் வாக்கிங்கை நிறுத்தினால் என்ன செய்வது என்று ஒருவராவது கேட்டாரா? கேட்டிருந்தால் அவரை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.