சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடுகளைக் கழுவிய பிறகு சமையலறை ஓவனில் காய வைக்கலாமா?

வேண்டாம். நான் டெக்சாஸில் இருக்கிறேன். ரேஞ்சில் (துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம்) சுட்ட 9 எம்எம் கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டில் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி நிரப்புவது ஏழெட்டு வருடப் பழக்கம். முதல் வருடம் நானும் ஓவனில்தான் வைத்தேன். "நாளைக்கு இதுலதான் பிள்ளைக்கு கேக் வைக்கணுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ப்ரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) விட்டுப்போகும் கரியில் ஈயம் இருக்கும். அது போக, ஓவன் சூடு எகிறி 250 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் பித்தளையின் கடினம் குறையத் தொடங்கும். கூட்டின் அடிப்பகுதி கடினமாக இருந்தால்தான் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும். இல்லாவிட்டால் வாயு பின்பக்கமாக, நம் முகத்தைப் பார்த்து வரும்.

கழுவும் முன்பே பழைய ப்ரைமரைத் தட்டி எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஒளிந்துகொள்வது அந்தக் குழியில்தான். அப்புறம் டம்ளர் (காபி டம்ளர் இல்லை, மோட்டாரில் உருளும் டிரம்), அதில் ஸ்டீல் ஊசிகள், தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு நாலு சொட்டு, சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை. குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய ஊர்தானே நமக்கு, அதே சங்கதிதான். அமிலம் கூடினாலோ வெகுநேரம் ஊறினாலோ துத்தநாகம் கரைந்து கூடு செம்பு நிறம் தட்டும். அப்படி ஆனதை நான் நிரப்புவதில்லை.

அலசியதும் பழைய துண்டில் கொட்டி, இரு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டினால் பாதித் தண்ணீர் போய்விடும். மீதிக்குப் பழங்களை உலர்த்தும் டீஹைட்ரேட்டர் ஒன்றை இதற்கென்றே செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருக்கிறேன். 65 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம். ஆகஸ்ட் மாதமென்றால் அதுவும் வேண்டாம், தட்டில் பரப்பி வடகம் போல வெயிலில் போட்டால் போதும். உள்ளே ஊசி சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், ஒருமுறை அவசரத்தில் ஈரத்தோடு நிரப்பிவிட்டேன். ரேஞ்சில் "டுமீல்" வரவேண்டிய இடத்தில் "புஸ்" என்று வந்தது. நல்லவேளை, அடுத்ததைச் சுடாமல் நிறுத்தினேன். குண்டு குழலின் பாதியில் நின்றிருந்தது. கவனிக்காமல் இன்னொன்று சுட்டிருந்தால் குழலே வெடித்திருக்கும்.

பளபளப்புக்காகப் பித்தளை பாலிஷ் வாங்குவதானால் அம்மோனியா இல்லாததாகப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் ராணுவத் தோட்டாக் கூடுகள் தானாக விரிசல் விட்டன. குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல்தான் விளக்கம் கிடைத்தது.